பள்ளி வடிவியல், புள்ளியியல் கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் முறை

படிப்படியாகத் தீர்த்தல் என்பது, கணக்கில் கொடுக்கப்பட்ட தரவிலிருந்து தொடங்கி, எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் காட்டி விடையை அடையும் முறையாகும். 2019 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் வடிவியல் நான்காம் இயலாகவும், புள்ளியியலும் நிகழ்தகவும் எட்டாம் இயலாகவும் உள்ளன. இரண்டுக்கும் இடையில் மூன்று இயல்கள் இருப்பதாலோ என்னவோ, மாணவர்கள் இவ்விரண்டையும் முற்றிலும் வேறான இரண்டு வேலைகளாகவே பார்க்கின்றனர். வடிவியலில் காரணம் எழுத வேண்டும், புள்ளியியலில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் போதும் என்பது பரவலான எண்ணம். உண்மையில் புள்ளியியல் சூத்திரங்களுக்குள்ளும் காரணம் இருக்கிறது. சில இடங்களில் அந்தக் காரணம் ஒரு வடிவியல் தேற்றமாகவே இருக்கிறது. அதை மறந்துவிட்டுச் சூத்திரத்தை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றும் தவறான விடையை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்.

கணக்குத் தீர்க்கும் வழியைப் பற்றி அதிகம் பேசப்படும் நூல், அங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போலியா 1945இல் வெளியிட்ட 'ஹௌ டு சால்வ் இட்' என்பதாகும். கணக்கைப் புரிந்துகொள்ளுதல், திட்டமிடுதல், திட்டத்தைச் செயல்படுத்துதல், திரும்பிப் பார்த்தல் என நான்கு கட்டங்களை அவர் கூறினார். பள்ளியில் மூன்றாவது கட்டத்துக்கே பெரும்பாலான நேரம் செலவாகிறது. முதலாவதும் கடைசியும் விடுபடுகின்றன. கீழே வரும் கணக்குகளில் தவறுகள் பெரும்பாலும் அந்த இரண்டு கட்டங்களில்தான் நுழைகின்றன என்பதைக் காணலாம்.

வடிவொத்த முக்கோணங்கள்: எதற்கு எது ஒத்தது?

கணக்கு: முக்கோணம் கசட-வில், கச என்ற பக்கத்தின் மீது ப என்ற புள்ளியும், கட என்ற பக்கத்தின் மீது ம என்ற புள்ளியும் உள்ளன. பம என்ற கோடு சட-வுக்கு இணை. கப = 4 செ.மீ., பச = 6 செ.மீ., சட = 15 செ.மீ. எனில் பம-வின் நீளம் என்ன?

அடிப்படை விகிதசமத் தேற்றம் (தேல்ஸ் தேற்றம்) படித்த மாணவர் பலர் உடனே எழுதுவது இது: கப / பச = பம / சட. ஆகவே 4/6 = பம/15, பம = 10 செ.மீ. பெருக்கல் சரி, வகுத்தல் சரி, விடை முழு எண்ணாகவும் வந்துவிட்டது. ஆனால் விடை தவறு.

தேல்ஸ் தேற்றம் என்ன சொல்கிறது என்று மறுபடி பார்த்தால் காரணம் தெரியும். இணைகோடு மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் பிரிக்கிறது என்பதே தேற்றம். அதாவது கப / பச = கம / மட. வெட்டப்பட்ட இரண்டு பக்கங்களைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. இணைகோட்டின் நீளத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. பம-வின் நீளம் வேண்டுமென்றால் வேறொரு காரணம் தேவை: சிறிய முக்கோணம் கபம-வும் பெரிய முக்கோணம் கசட-வும் வடிவொத்தவை என்பது.

முறையாக எழுதினால் இவ்வாறு வரும். முக்கோணங்கள் கபம, கசட ஆகியவற்றில் க-வில் உள்ள கோணம் இரண்டுக்கும் பொது. பம, சட இணை என்பதால் ப-வில் உள்ள கோணமும் ச-வில் உள்ள கோணமும் ஒத்த கோணங்கள், ஆகவே சமம். இரு கோணங்கள் சமமாக இருப்பதால், கோணம்-கோணம் விதிமுறைப்படி இரு முக்கோணங்களும் வடிவொத்தவை. ஆகவே ஒத்த பக்கங்களின் விகிதங்கள் சமம்:

கப / கச = பம / சட

இதில் கச என்பது சிறு துண்டு அல்ல, முழுப் பக்கம்: 4 + 6 = 10 செ.மீ. எனவே 4/10 = பம/15, பம = 6 செ.மீ.

தவறான வழியில் பகுதிக்கும் பகுதிக்கும் உள்ள விகிதம் ஒரு பக்கமும், சிறு முக்கோணத்துக்கும் பெரிய முக்கோணத்துக்கும் உள்ள விகிதம் மறுபக்கமும் எழுதப்பட்டன. இரண்டு தேற்றங்கள் கலந்துவிட்டன. இதைத் தடுக்க எளிய வழி, முக்கோணங்களின் பெயரை ஒத்த உச்சிகளின் வரிசையில் எழுதுவது. கபம, கசட என்று எழுதினால் முதல் இரண்டு எழுத்துகள் கப, கச. கடைசி இரண்டு பம, சட. விகிதம் பெயரிலேயே கிடைத்துவிடுகிறது.

திரும்பிப் பார்க்கும் கட்டம் இங்கே அரை நிமிட வேலை. ப என்ற புள்ளி கச-வின் நடுப்புள்ளியாக இருந்திருந்தால், பம என்பது சட-வில் பாதியாக, 7.5 செ.மீ. ஆக இருந்திருக்கும். ப நடுப்புள்ளியைவிடக் க-வுக்கு அருகில் இருக்கிறது. ஆகவே பம 7.5-ஐ விடக் குறைவாகத்தான் இருக்க முடியும். 10 என்ற விடை நிற்காது, 6 நிற்கும்.

இதே படத்தில் பரப்பளவைக் கேட்டால் இன்னொரு இடறல் காத்திருக்கிறது. பக்கங்களின் விகிதம் 4 : 10 எனில் பரப்பளவுகளின் விகிதம் 16 : 100. சிறு முக்கோணத்துக்கும் அதன் கீழே உள்ள சரிவகத்துக்கும் விகிதம் கேட்டால் 16 : 84, அதாவது 4 : 21. 'முழு முக்கோணம்' என்றும் 'மீதிப் பகுதி' என்றும் வினாவில் வரும் சொற்களைப் பிரித்துப் படிக்காதவர் இங்கே மதிப்பெண் இழக்கிறார்.

படம் சொல்வதை நம்பலாமா?

கணக்கு: 13 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் 10 செ.மீ., 24 செ.மீ. நீளமுள்ள இரு இணையான நாண்கள் உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட தொலைவு என்ன?

வட்ட மையத்திலிருந்து நாணுக்கு வரையப்படும் செங்குத்து, நாணை இருசமக் கூறிடும். காரணம், மையத்தை நாணின் இரு முனைகளோடு இணைத்தால் கிடைக்கும் இரண்டு செங்கோண முக்கோணங்களில் கர்ணங்கள் இரண்டும் ஆரங்கள், செங்குத்து இரண்டுக்கும் பொது. செங்கோணம்-கர்ணம்-பக்கம் விதிமுறைப்படி அவை சர்வசமம். ஆகவே 10 செ.மீ. நாணில் பாதி 5. பிதாகரஸ் தேற்றப்படி மையத்திலிருந்து அதன் தொலைவு √(169 − 25) = √144 = 12 செ.மீ. மற்ற நாணில் பாதி 12, அதன் தொலைவு √(169 − 144) = √25 = 5 செ.மீ. நீளமான நாண் மையத்துக்கு அருகில் வந்திருக்கிறது. அது சரியே, யூக்ளிட் 'எலிமெண்ட்ஸ்' நூலின் மூன்றாம் பாகத்தில் இதைத் தனித் தேற்றமாகவே தந்துள்ளார்.

இனி விடை? மாணவர் எப்படிப் படம் வரைந்தாரோ அப்படி விடை வரும். நாண்களை மையத்துக்கு இருபுறமும் வரைந்தவர் 12 + 5 = 17 செ.மீ. என்பார். ஒரே புறம் வரைந்தவர் 12 − 5 = 7 செ.மீ. என்பார். வினாவில் எந்தப் புறம் என்று சொல்லவில்லை. ஆகவே இரண்டும் விடைகள், இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதியவர் கணக்கில் தவறு செய்யவில்லை. வினாவில் இல்லாத ஒரு நிபந்தனையைத் தம் படத்திலிருந்து தாமே சேர்த்துக்கொண்டார்.

படம் வழியைக் காட்டும், ஆனால் சாட்சியாக நிற்காது. இதற்குக் கணித விளையாட்டு நூல்களில் பேர்போன ஒரு போலி நிரூபணம் உண்டு. எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று அது 'நிரூபிக்கும்'. ஓர் உச்சியின் கோண இருசமவெட்டியும் எதிர்ப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் முக்கோணத்துக்கு உள்ளே சந்திப்பதாகப் படம் வரைந்துகொண்டு, அங்கிருந்து மற்ற இரு பக்கங்களுக்கும் செங்குத்துகள் இறக்கி, சர்வசமத்தைப் பிழையின்றிப் பயன்படுத்தி முடிவுக்கு வந்துவிடும். வரிகளில் தவறு கண்டுபிடிக்க முடியாது. தவறு படத்தில் இருக்கிறது: சமமற்ற பக்கங்கள் உள்ள முக்கோணத்தில் அந்தச் சந்திப்பு முக்கோணத்துக்கு வெளியே, சுற்றுவட்டத்தின் மீது அமையும். செங்குத்துகளில் ஒன்று பக்கத்தின் மீதும், மற்றொன்று பக்கத்தின் நீட்சியின் மீதும் விழும். ஒரு பக்கத்தில் கூட்டலும் மறுபக்கத்தில் கழித்தலும் வர வேண்டிய இடத்தில், பொய்ப்படம் இரண்டிலும் கூட்டலைக் காட்டிவிடுகிறது. அளவுகோலும் கவராயமும் கொண்டு ஒருமுறை சரியாக வரைந்து பார்த்தவருக்கு இந்தப் போலித்தனம் உடனே விளங்கும்.

இடைநிலை அளவு: சூத்திரத்துக்குள் ஒரு முக்கோணம்

50 மதிப்பெண்ணுக்கு நடந்த தேர்வில் 40 மாணவர் பெற்றவை பிரிவுகளாகத் தரப்பட்டுள்ளன என்று கொள்வோம். 0–10 பிரிவில் 6 பேர், 10–20 பிரிவில் 8 பேர், 20–30 பிரிவில் 15 பேர், 30–40 பிரிவில் 7 பேர், 40–50 பிரிவில் 4 பேர். இடைநிலை அளவு காண வேண்டும்.

முதல் வேலை குவிவு நிகழ்வெண்களை எழுதுவது: 6, 14, 29, 36, 40. கடைசி எண் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும். மொத்தத்தில் பாதி 20. குவிவு 14-ஐத் தாண்டி 29-ஐ எட்டும் வழியில் 20 வருவதால், இடைநிலைப் பிரிவு 20–30. சூத்திரம்:

இடைநிலை அளவு = கீழ் எல்லை + ((மொத்தத்தில் பாதி − முந்தைய பிரிவின் குவிவு) ÷ இடைநிலைப் பிரிவின் நிகழ்வெண்) × பிரிவின் நீளம்

எண்களை இட்டால் 20 + ((20 − 14) ÷ 15) × 10 = 20 + 4 = 24.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, 14-க்குப் பதிலாக இடைநிலைப் பிரிவின் குவிவான 29-ஐ எடுப்பது. அப்போது 20 + ((20 − 29) ÷ 15) × 10 = 14 என வரும். 20–30 பிரிவில் இருப்பதாக மாணவரே முடிவு செய்த ஓர் அளவு 14 ஆக இருக்க முடியாது. இருந்தும் இந்த விடை பல விடைத்தாள்களில் கோடிட்டு முடிக்கப்பட்டுவிடுகிறது. சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எந்தக் குவிவை எடுப்பது என்ற குழப்பம் எழாது.

குவிவு நிகழ்வெண் வளைவை வரைந்து பார்ப்போம். கிடை அச்சில் மதிப்பெண், நிலை அச்சில் குவிவு. மதிப்பெண் 20-இல் குவிவு 14. மதிப்பெண் 30-இல் குவிவு 29. இந்தப் பிரிவுக்குள் 15 மாணவரும் சீராகப் பரவியிருக்கின்றனர் என்று கொண்டால், இரு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம். (உண்மையில் அப்படிப் பரவியிருக்க வேண்டியதில்லை; தரவைப் பிரிவுகளாக்கியபோதே தனி மதிப்பெண்கள் மறைந்துவிட்டன. அதனால்தான் இந்த விடை ஒரு மதிப்பீடு.) அந்த நேர்கோட்டின் கீழே ஒரு செங்கோண முக்கோணம் உருவாகிறது. அதன் அடி 20 முதல் 30 வரை, 10 அலகு. உயரம் 14 முதல் 29 வரை, 15 அலகு. குவிவு 20-ஐ அடையும் இடத்தில் ஒரு செங்குத்துக் கோட்டை இறக்கினால் அதன் உயரம் 6. அது பெரிய முக்கோணத்தின் 15 அலகு உயரக் கோட்டுக்கு இணை. ஆகவே சிறு முக்கோணமும் பெரிய முக்கோணமும் வடிவொத்தவை, சிறு முக்கோணத்தின் அடி 10 × 6/15 = 4.

முதல் கணக்கில் வந்த 4, 10, 6, 15 என்ற அதே நான்கு நீளங்கள் இவை. கசட என்ற முக்கோணத்தில் நீளத்தைக் கண்டுபிடித்த அதே விகிதம்தான் இடைநிலை அளவையும் தருகிறது. இடைநிலைப் பிரிவின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதே கேள்வி என்பதால், கழிக்க வேண்டியது தொடக்கத்தில் உள்ள குவிவு, அதாவது முந்தைய பிரிவின் குவிவு. மனப்பாடம் தேவைப்படவில்லை.

பிரிவுகள் 1–10, 11–20, 21–30 என இடைவெளி விட்டுத் தரப்பட்டிருந்தால், கீழ் எல்லை 21 அல்ல, 20.5. அரை அலகை விட்டுவிட்டால் வளைவில் படிகளுக்கு இடையே ஓட்டை விழும்.

விடையைச் சரிபார்க்கக் கூட்டுச் சராசரியை எடுக்கலாம். நடுப்பிரிவின் மைய மதிப்பு 25-ஐ ஊகச் சராசரியாகக் கொண்டு, விலகல்களைப் பத்தால் வகுத்தால் −2, −1, 0, 1, 2. நிகழ்வெண்களால் பெருக்கிக் கூட்டினால் −12 − 8 + 0 + 7 + 8 = −5. சராசரி 25 + (−5 ÷ 40) × 10 = 23.75. இடைநிலை அளவு 24-க்கு மிக அருகில் உள்ளது. சராசரியும் இடைநிலை அளவும் எப்போதும் இப்படி நெருங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஓரளவு சமச்சீராகப் பரவிய இத்தகைய தரவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு வந்தால் எங்கோ கூட்டல் தவறியிருக்கும்.

திட்ட விலக்கம்

இரு மாணவர் ஐந்து தேர்வுகளில் பெற்ற மதிப்பெண்கள்: முதலாமவர் 38, 40, 41, 39, 42, இரண்டாமவர் 50, 30, 45, 35, 40. இருவருக்கும் சராசரி 40. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. யார் நிலையாக எழுதுகிறார் என்பதைச் சொல்லத் திட்ட விலக்கம் தேவை. இந்த அளவுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1890களில் சூட்டியவர் கார்ல் பியர்சன்.

முதலாமவரின் விலக்கங்கள் −2, 0, 1, −1, 2. இவற்றைக் கூட்டினால் சுழியம் வரும். எந்தத் தரவுக்கும் சராசரியிலிருந்து எடுத்த விலக்கங்களின் கூடுதல் சுழியமே. வராவிட்டால் சராசரி தவறு. வர்க்கம் எடுப்பதற்கான ஒரு காரணமும் இதுவே: வெறுமனே கூட்டினால் எல்லாத் தரவும் சுழியத்தில் முடிந்துவிடும். வர்க்கங்கள் 4, 0, 1, 1, 4, கூடுதல் 10, ஐந்தால் வகுத்தால் விலக்க வர்க்கச் சராசரி 2, திட்ட விலக்கம் √2, ஏறத்தாழ 1.41. இரண்டாமவருக்கு வர்க்கங்கள் 100, 100, 25, 25, 0, கூடுதல் 250, வகுத்தால் 50, திட்ட விலக்கம் √50, ஏறத்தாழ 7.07. சரியாக ஐந்து மடங்கு. மாறுபாட்டுக் கெழு முதலாமவருக்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு, இரண்டாமவருக்கு 17.7 விழுக்காடு.

வர்க்கமூலம் எடுக்க மறந்து 50 என்றே விடுவது இங்கே வழக்கமான தவறு. விலக்கங்களில் மிகப் பெரியதே 10 ஆக இருக்கும்போது, திட்ட விலக்கம் அதைத் தாண்டாது என்பது ஒரு நல்ல தடுப்பு. கால்குலேட்டரில் விடையைச் சரிபார்ப்பவருக்கு 7.07-க்குப் பதில் 7.91 வந்தால் கலங்க வேண்டாம். பல கால்குலேட்டர்களில் இதற்கு இரண்டு விசைகள் உண்டு. ஒன்று ஐந்தால் வகுக்கும், மற்றொன்று நான்கால் வகுக்கும். மேலே உள்ள பள்ளிக் கணக்குக்கு ஐந்தால் வகுப்பதே வேண்டும்.

ஓர் எண் தவறிப்போனால்

கணக்கு: 20 மதிப்புகளின் சராசரி 60, திட்ட விலக்கம் 5 எனக் கணக்கிடப்பட்டது. பின்னர் 65 என்ற மதிப்பு தவறுதலாக 45 எனப் பதியப்பட்டது தெரிந்தது. திருத்திய சராசரியும் திட்ட விலக்கமும் என்ன?

சராசரியில் 45-ஐக் கழித்து 65-ஐக் கூட்டி 80 என்று எழுதுவோர் உண்டு. மதிப்புகளைச் சராசரியோடு நேரடியாகக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. கூடுதலுக்குத் திரும்பிப் போக வேண்டும். பழைய கூடுதல் 20 × 60 = 1200. திருத்தியது 1200 − 45 + 65 = 1220. சராசரி 61.

திட்ட விலக்கத்துக்கு வர்க்கங்களின் கூடுதல் தேவை. விலக்க வர்க்கச் சராசரி என்பது வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்தது. எனவே பழைய வர்க்கங்களின் கூடுதல் 20 × (25 + 3600) = 72500. திருத்தியது 72500 − 2025 + 4225 = 74700. இருபதால் வகுத்தால் 3735. புதிய சராசரியின் வர்க்கம் 3721. வேறுபாடு 14. திட்ட விலக்கம் √14, ஏறத்தாழ 3.74.

பழைய கூடுதலைக் காணும் இடத்திலேயே புதிய சராசரி 61-ஐ இட்டுவிட்டால் 20 × (25 + 3721) = 74920 எனத் தொடங்கி, கடைசியில் √135, ஏறத்தாழ 11.6 என முடியும். இதைப் பிடிக்க இன்னொரு முறை கணக்கிட வேண்டியதில்லை. 45 என்பது சராசரி 60-க்கு 15 தள்ளி இருந்தது; 65 என்பது புதிய சராசரிக்கு 4 மட்டுமே தள்ளி இருக்கிறது. தொலைவில் கிடந்த மதிப்பு அருகில் வந்தால் பரவல் குறைய வேண்டும், கூடக் கூடாது.

ஒரே ஓர் எண்ணைத் தவறாகப் பதிந்ததால் சராசரி 1 மட்டுமே நகர்ந்தது. விலக்க வர்க்கச் சராசரியோ 25-இலிருந்து 14-க்கு இறங்கியது. பழைய கணக்கில் வர்க்க விலக்கங்களின் கூடுதல் 500. அதில் 45 என்ற ஒற்றைப் பதிவின் பங்கு மட்டும் 225. இருபதில் ஒன்று ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது.

கலைச்சொற்கள்

மேலே தமிழ்நாட்டுப் பாடநூல்களின் சொற்களே ஆளப்பட்டுள்ளன. இலங்கைப் பாடநூல்களில் வடிவியல் கேத்திரகணிதம் என்றும், முக்கோணம் முக்கோணி என்றும், சர்வசமம் ஒருங்கிசைவு என்றும், வடிவொத்தவை இயல்பொத்தவை என்றும் வழங்கும். கூட்டுச் சராசரி அங்கே இடை, இடைநிலை அளவு இடையம், முகடு ஆகாரம், திட்ட விலக்கம் நியம விலகல். இடை, இடையம் என்ற இரு சொற்களும் ஒலியில் நெருங்கியவை என்பதால், இணையத்தில் இலங்கைக் கணக்குகளைத் தேடிப் பயிலும் தமிழ்நாட்டு மாணவர் எது கேட்கப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது.